பனிக்குள்ளிருந்து ஒரு விருந்தாளி

கிளென்ஃபீல்டில் வேதவள்ளியின் சாப்பாட்டு அறைக்குள் மட்டும் பனி பெய்தது. தக்காளி ஆனை விலை குதிரை விலை விற்ற ஜூலை மாதம் அது. வெளியே வழக்கமான மழைதான். நியூசிலாந்தில் அது குளிர்காலம்தான், ஆனாலும் ஆக்லாந்தில் பனி ஏது?

அவள் மலேசியாவின் ஈப்போவிலிருந்து வந்து ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலையில் இருந்தாள். கல்யாணம் ஆகவில்லை, ஏன் என்று கேட்பவர்களும் ஓய்ந்துவிட்ட வயது. சுவரில் ஈரக்கறையை மறைக்க, பழைய சாமான் கடையில் ஒரு ஜப்பானிய மரஅச்சுப் படம் வாங்கி மாட்டினாள். மலையடிவாரத்தில் தாழ்ந்த கூரைகள், ஒரு பாலம், வைக்கோல் அங்கியும் காகிதக் குடையுமாக முதுகைக் காட்டிப் போகும் ஓர் ஆள். பனிக்கு மை கிடையாது. அச்சு விழாமல் விட்ட வெறுங்காகிதம்தான் பனி. தன் வீடும் அப்படித்தான் என்று அவளுக்குத் தோன்றியதுண்டு.

ஒருநாள் சோற்றைப் பிசைந்தபடி நிமிர்ந்தவள், எதிரே படத்தில் ஓர் ஆள் இருக்கத் தான் மட்டும் தின்பதா என்ற கூச்சத்தில், "வாங்க, சாப்பிடலாம்" என்று சொல்லிவிட்டாள். நம்மவர் யாரும் இதை நம்பி உட்கார்ந்துவிட மாட்டார்கள். "இருக்கட்டும், இப்பத்தான் ஆச்சு" என்று வயிற்றைத் தடவுவார்கள். அந்த மனிதருக்கு இந்தச் சம்பிரதாயம் தெரியாது. மறுநாள் அவர் முகம் இந்தப் பக்கம் திரும்பியிருந்தது. அடுத்த வாரம் பனி சட்டத்தைத் தாண்டி மேசைமேல் விழுந்தது. ரசம் சீக்கிரம் ஆறியது என்பதைத் தவிர அவளுக்குக் குறையில்லை. குளிர்காலத்தில் அவர் நடந்தார், கோடையில் நின்றார். பாலத்தைக் கடக்கவே ஒரு வருஷம் பிடித்தது.

மூன்றாம் வருஷம் தம்பி சிவனேசன் ஊரின் மறுகோடியிலுள்ள த்ரீ கிங்ஸிலிருந்து வேனோடு வந்து பெட்டிகளை ஏற்றத் தொடங்கினான்.

"ஒத்தையில கிடந்து என்ன செய்யப் போறக்கா? எங்க வீட்டுல ரூம் சும்மாதானே இருக்கு."

"அவரைக் கூப்பிட்டுட்டேன்டா. வந்து பூட்டின கதவைப் பார்க்கணுமா?"

"வரலன்னா?"

அவளுடைய பயமும் அதுதான். யாருமே வராத வீட்டில் இத்தனை நாள் இருந்துவிட்டோமா என்ற பயம். "இன்னிக்கு மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள வரலன்னா உன்கூட வர்றேன்" என்றாள்.

மூன்று தட்டு வைத்தாள். ரசம் ஊற்றும்போது அவர் குடையை மடக்கி, சட்டத்தைத் தாண்டி இறங்கி, வைக்கோல் செருப்பைச் சுவரோரம் கழற்றிவிட்டார். சிவனேசன் நாற்காலியை நகர்த்திப் போட்டான். அவர் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டு, தட்டின்மேல் கையை விரித்துப் போதும் என்றார். பிறகு குனிந்து வணங்கிக் கிளம்பினார்.

"மறுபடி வாங்க" என்றாள் வேதவள்ளி. இந்த முறை அது வாய்ப்பேச்சுக்குச் சொன்னதல்ல.

சிவனேசன் தலையிலிருந்த பனியைத் தட்டினான். "எப்ப வருவாரு?"

"போக மூணு வருஷம், வர மூணு வருஷம்."

"அதுவரைக்கும் இங்கேயேதானா?"

"சொல்லிட்டேனே."

அவன் பெட்டிகளை இறக்கி வைத்துவிட்டுப் போனான். படத்தில் அவர் முதுகைக் காட்டி நடந்துகொண்டிருந்தார். வேதவள்ளி பனியைப் பெருக்கி வாளியில் அள்ளினாள், அவர் தட்டைக் கழுவித் தனியே எடுத்து வைத்தாள்.