பக்கத்து சீட்டு

செத்துப் பதினொரு மணி நேரம் கழித்து யோபு வீடு வந்து சேர்ந்தார். கம்பெனி லாரியிலேயே கொண்டுவந்தார்கள். பெட்டியை இறக்கத் தலைமாட்டில் கை கொடுத்த வெள்ளைத்துரையை யோபுவின் மனைவி, இசபெல்லின் அம்மா ஞானபூரணி தள்ளிவிட்டாள்.

"நீ தொடாத. குதிச்சுத் தப்பிச்ச கை அது."

வெள்ளைத்துரை தெருக்குழாய் பக்கம் போய் நின்றார்.

விராலிமலை தாண்டி, விடிகாலையில், பட்டாசு ஏற்றிப்போன வண்டி புளியமரத்தில் மோதியது. யோபு கண்ணயர்ந்துவிட்டார். பக்கத்தில் இருந்த இரண்டாவது டிரைவர் வெள்ளைத்துரை குதித்துவிட்டார். கம்பெனி மேனேஜர் சங்கரலிங்கம் ஆஸ்பத்திரிக்கே வந்து இசபெல்லிடம் சொன்னது இவ்வளவுதான். அவள் அங்கே நர்ஸ். "கடவுள் புண்ணியத்துல லோடு தப்பிச்சிருச்சும்மா" என்றும் சொன்னார். அவள் கையிலிருந்த தெர்மாமீட்டரை உதறிக்கொண்டே நின்றாள்.

பட்டாசு லோடு என்றால் வண்டிக்கு இரண்டு டிரைவர். அதற்காக டிரைவர்கள் சங்கம் கம்பெனி வாசலில் மறியலுக்கு உட்கார்ந்தபோது முதல் வரிசையில் இருந்தவர் யோபு. அந்தப் பழைய சங்கத்து ஆட்கள்தான் இப்போது ஒவ்வொருவராக வேலையை விட்டுப் போகிறார்கள். அவர்களில் முத்துக்கருப்பன் பொங்கலோடு வேலையிலிருந்து நின்றுவிட்டு, தாயில்பட்டியில் ஒரு பட்டாசு ஆலைக்குக் காவல் இருக்கிறார்.

"என்ன முத்துக்கருப்பா, ஸ்டியரிங் கசந்துபோச்சோ?" மாலையைப் போட்டுவிட்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்த சங்கரலிங்கம் கேட்டார். "வயசாயிட்டா உங்களுக்கெல்லாம் ஒடம்பு வணங்க மாட்டேங்குது."

"ஒடம்பு நல்லாத்தான் வணங்குது மேனேசரய்யா. ஒத்த ஆளா எம்புட்டு தூரம் ஓட்டுறது?"

"ஒத்த ஆளா? ரெண்டு பேரு போட்டுத்தானய்யா அனுப்புதோம்!"

முத்துக்கருப்பன் குழாயடியில் நின்ற வெள்ளைத்துரையைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

"பாவம், தூங்கிட்டாரு. அவரு தப்புதான், யாரச் சொல்ல? போலீசுலயும் அப்படித்தான் சொல்லியிருக்கு" என்றார் சங்கரலிங்கம்.

அம்மா பெட்டியை விட்டு நிமிர்ந்தாள். "கேட்டியாலே வெள்ளைத்துரை! இருபது வருசத்துல ஒரு நாள்கூட ஸ்டியரிங்ல தூங்காத மனுசன். பக்கத்துல இருந்தவன் ரெண்டு வார்த்த பேசிக்கிட்டு வந்திருந்தா தூங்கியிருப்பாரா? வேற என்ன வேலை ஒனக்கு அந்த சீட்டுல?"

வெள்ளைத்துரை குழாயின் தலையைப் பிடித்துக்கொண்டார்.

போதகர் ஜெபத்தை முடித்தார். பெட்டியை அடைக்க மூடியைத் தூக்கினார்கள். இசபெல் பெட்டியை விட்டு எழுந்து, கூட்டத்தை விலக்கிக்கொண்டு குழாயடிக்கு வந்தாள். நாலு பேர் நடுவில் அவள் வாய் திறந்து யாரும் பார்த்ததில்லை.

"மாமா, கைய நீட்டுங்க."

நீட்டினார். உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தாள். முழங்கையைப் பார்த்தாள்.

"ஓடுற வண்டியிலருந்து குதிச்சவுகள்ல வாரம் ஒருத்தருக்காவது கட்டுப் போடுதேன். உள்ளங்கை உரிஞ்சிராம யாரும் வந்ததில்ல. ஒங்களுக்கு ஒரு கீறல் இல்ல. எங்கன குதிச்சீக?"

சங்கரலிங்கம் எழுந்துவிட்டார். "எடுக்கிற நேரத்துல என்ன பாப்பா பேச்சு? ஏலே வெள்ளைத்துரை, நாளைக்கு ஒனக்கு மெட்ராஸ் லோடு. போய்ப் படு."

"யாரு கூட?" என்றாள் இசபெல்.

"என்னது?"

"மெட்ராசுக்கு இவுக யாரு கூடப் போறாக?"

மேனேஜர் லாரிப் பக்கம் திரும்பிக்கொண்டார். மூடியைப் பிடித்திருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். முத்துக்கருப்பன் பெஞ்சிலிருந்து எழுந்து வந்து, வெள்ளைத்துரைக்குப் பக்கத்தில் நின்றார்.

"சொல்லுலே" என்றார்.

வெள்ளைத்துரை அம்மாவுக்குக் கேட்கும்படி சத்தமாகத்தான் சொன்னார்.

"அக்கா, நான் அந்த வண்டியில ஏறவே இல்ல. தீவாளி சீசன் வந்தா ரெண்டு பேரு பேரயும் ரெண்டு வண்டிக்கும் எழுதி, ஆளுக்கு ஒண்ணா ஒத்தையில வெரட்டுறாக. மாட்டேன்னா மறுநாள்லருந்து லோடு கிடையாது. சங்கத்துல கேட்டா, சீசன் முடியட்டும்னாக. இது பொறுக்காமத்தான் பழைய ஆளுக பூராம் போயிட்டாக. ராத்திரி நான் கோயம்புத்தூர் ரோட்டுல இருந்தேன். எனக்குப் பக்கத்துல ஒருத்தரும் இல்ல. அந்த சீட்டுக்கு எழுதின பேரு யோபு அண்ணன் பேருதான்."