போகும் குழாய், திரும்பும் குழாய்

மார்ச் 4, செவ்வாய்

சென்சாரைத் தவறான குழாயில் மாட்டியிருக்கிறேன்.

நாள் குறிப்பை அன்றைய தவறில் தொடங்கி மறுநாள் வேலையில் முடிக்க வேண்டும் என்பது எங்கள் மெக்கானிக் மாலை வகுப்பு ஆசிரியரின் விதி. நடுவில் என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். இதுவரை என் தவறுகள் எல்லாம் நட்டை முறுக்க மறந்தது, துடைக்கும் துணியை எஞ்சினுக்குள் விட்டது என்று போய்க்கொண்டிருந்தன. இன்றையதும் சின்னதுதான். ஒரு குழாய்க்குப் பதிலாகப் பக்கத்துக் குழாய்.

ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸுக்குள் ஓடும் ஆயில் சூடாகும். அந்த ஆயில் ஒரு குழாய் வழியாக வண்டியின் முன்னால் இருக்கும் கூலருக்குப் போய், காற்றில் ஆறி, இன்னொரு குழாய் வழியாகத் திரும்பி வரும். சூட்டை அளக்க வேண்டியது போகும் குழாயில். நான் அளந்துகொண்டிருந்தது திரும்பும் குழாயில். ஜுரக்காரர் நெற்றியில் ஈரத்துணியைப் போட்டுவிட்டு, அந்தத் துணியைத் தொட்டுப் பார்த்து "ஜுரமே இல்லை" என்று சொன்ன மாதிரி.

ஆசிரியர் பலகையில் அம்புக்குறி போட்டபோதே எனக்கு ஒரு துணி நினைவுக்கு வந்தது. போன வாரம் ஆயில் அளவு பார்க்கும் கம்பியைத் துடைத்த துணி, நல்ல ஆயிலின் சிவப்பாக இல்லாமல் பழுப்பாக இருந்தது. கருகிய வாடை வேறு. அண்ணனிடம் காட்டினேன். "வயசான வண்டி, கொஞ்சம் நாறத்தான் செய்யும்" என்றான். மீட்டர் எண்பத்தைந்து டிகிரி காட்டியதால் நானும் விட்டுவிட்டேன்.

எங்கள் வண்டி முன்பு பார்சல் ஏற்றிக்கொண்டிருந்த வேன். ஒரு வருடமாக மாலைகளிலும் ஞாயிறுகளிலும் அண்ணன், அண்ணி, நான் மூன்று பேரும் சேர்ந்து அதை வீடாக்கிக்கொண்டிருக்கிறோம். மலைக்கு அந்தப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் அண்ணிக்கு நர்ஸ் வேலை கிடைத்திருக்கிறது. அங்கே வீடு அமையும்வரை வேனில்தான் குடித்தனம். இந்த மாதக் கடைசியில் இந்த வீட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுக்கிறோம். நானும் பேட்டரிக் கடையில் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டேன். வேனின் பின்கோடியில், தண்ணீர் டேங்குக்கு மேலே, என் உயரத்துக்கு நானே அளந்து அறுத்துப் போட்ட படுக்கை இருக்கிறது. அதில் படுத்தால் கால் நுனி சுவரில் படாது. தலைக்கு மேலே சின்ன ஜன்னல்.

சொல்லாமல் விட்டால் மீட்டர் எண்பத்தைந்திலேயே இருக்கும், எல்லோரும் சந்தோஷமாக இருப்பார்கள், பாதி மலையில் கியர் பாக்ஸ் வேகும்வரை. இதை எழுதும்போதே சொல்லிவிடுவது என்று முடிவாகிவிட்டது. ஆனால் ஆசிரியர் வரைந்ததை நான் சரியாகத்தான் புரிந்துகொண்டேனா என்று இன்னும் ஒரு ஓரத்தில் சந்தேகம் இருக்கிறது.

நாளைக்கு: அண்ணனிடம் சொல்வது. சென்சாரை இடம் மாற்றுவது.

மார்ச் 5, புதன்

கசிவைத் தடுக்கும் வளையத்தைப் போடாமல் குழாயை முறுக்கிவிட்டேன். ஆயில் முழங்கைவரை வழிந்தது. மறுபடி கழற்றிப் போட்டேன்.

அண்ணன் வேனுக்கு வெளியே ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். நான் டேப்பைச் சுருட்டிக்கொண்டு பக்கத்தில் போனதுமே, "வந்தாச்சு இஞ்ச் டேப். இன்னைக்கு எதை அளந்து என் வயித்துல புளியைக் கரைக்கப் போற?" என்றான்.

சொன்னேன். உள்ளே நூற்று முப்பதுகூட இருக்கலாம் என்று துணிக் கதையையும் சேர்த்துச் சொன்னேன்.

"மீட்டர் எண்பத்தஞ்சு காட்டுது. நீ எதுக்குடி நூத்திமுப்பதுக்கு ஆசைப்படுற?"

"ஆசை இல்லண்ணா. உள்ள அவ்ளோ சூடு இருக்கும்னு பயம்."

"பாக்காத வரைக்கும் இல்லாத பயம்" என்றான். அப்புறம் டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "சரி, மாட்டு. பொய்யா இருந்துச்சுன்னா ஊருக்குப் போற வரைக்கும் பாத்திரம் நீதான் கழுவணும்" என்றான்.

முழுச் சாமானோடு மேம்பாலத்தைத் தாண்டி இருக்கும் மேட்டுச் சாலைக்குப் போனோம். அண்ணன் ஓட்டினான். அண்ணி நடுவில். நான் ஜன்னல் பக்கம் மீட்டரைப் பார்த்துக்கொண்டு. பாதி மேட்டிலேயே நூற்றுப் பதினைந்தைத் தாண்டியது. உச்சியில் நூற்று இருபத்தெட்டு. நாங்கள் தாண்டவேண்டிய மலைக் கணவாய் இந்த மேட்டைப் போலப் பத்து மடங்கு நீளம். இறங்கும்போது அண்ணி, "நல்லவேளை, இப்பவாவது தெரிஞ்சுதே" என்றார்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தும்போது அண்ணன் திரும்பினான். "பேசாம பழைய குழாயிலயே மாட்டிடேன். பாக்க எனக்கும் நிம்மதி, வண்டிக்கும் நிம்மதி."

விளையாட்டாகத்தான் சொன்னான். கொஞ்ச நேரம் சிரிப்புக்காகக் காத்திருந்தேன். அவன் சிரிக்கவில்லை.

நாளைக்கு: ஆயில் மாற்றுவது. கூலருக்கு மின்விசிறி மாட்டுவது.

மார்ச் 8, சனி

எடைமேடையில் என்னையும் ஏற்றிக்கொண்டேன். இது தவறா என்று தெரியவில்லை. இந்த இடத்தில் எழுதி வைக்கிறேன்.

மூன்று நாளாகக் கையில் இருந்ததையெல்லாம் செய்து பார்த்துவிட்டோம். புது ஆயில். கூலருக்கு முன்னால் மின்விசிறி. முகப்பில் அண்ணன் ஆசையாக மாட்டியிருந்த பெரிய விளக்குகள் கூலருக்குக் காற்றை மறைத்தன. அவற்றைக் கழற்றச் சொன்னபோது, "வண்டிக்கு மூக்கையே அறுக்கிறியேடி" என்று முனகிக்கொண்டே கழற்றினான். மேட்டில் கியரைத் தானாக விடாமல் கையால் இரண்டில் பிடித்து ஏற்றச் சொன்னேன். எஞ்சின் அலறியது, சூடு குறைந்தது. நூற்றுப் பதினான்கு. நூற்று ஐந்துக்குக் கீழே நின்றால் கணவாயைத் தாண்டிவிடும் என்றார் ஆசிரியர். "மிச்சம் இருக்கிறது எடைதான்" என்றும் சொன்னார்.

அதனால் இன்று லாரிகள் நிறுக்கும் எடைமேடைக்குப் போனோம். முழு வண்டியை நிறுத்தோம். பிறகு ஒவ்வொன்றாக இறக்கி நிறுத்தோம். தண்ணீர் டேங்க், பேட்டரிகள், அண்ணியின் சமையல் மேடை, பின்னால் கம்பிச் சட்டத்தில் தொங்கும் அண்ணனின் மோட்டார் பைக். அந்த பைக் ஓடி ரொம்ப நாளாயிற்று. செயின் அறுந்து, கார்புரேட்டர் துருப்பிடித்து, டயர் தட்டையாகக் கிடக்கிறது. "அங்க போய்ச் சரி பண்ணிக்கலாம்" என்பான். சட்டத்தோடு சேர்த்து அதுதான் எல்லாவற்றையும்விடக் கனம். டேங்கைவிடக் கனம்.

எல்லாவற்றையும் அட்டவணையாக எழுதினேன். கடைசியில் பின் படுக்கை, மெத்தை, என் கருவிப் பெட்டி, என் துணி மூட்டை. ஒழுங்காகச் செய்தால் அதோடு நிற்கக் கூடாது, வண்டியில் வரும் எல்லாமே எடைதான். அதனால் 'நான்' என்று ஒரு வரி போட்டேன். அண்ணன் ஓட்ட வேண்டும், அண்ணிக்குத்தான் அங்கே வேலை. அவர்கள் இருவரையும் எழுதவில்லை. அப்போது அது சரியாகத்தான் பட்டது.

இப்போது வேறொன்று தோன்றுகிறது. "இதை எதுக்குடி எழுதின" என்று யாராவது என் தலையில் தட்டி அந்த வரியை அடித்துவிடுவார்கள் என்று எதிர்பார்த்தேனோ என்னவோ. அண்ணன் அட்டவணையை வாங்கி, கடைசிவரை படித்து, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

நாளைக்கு: எதை இறக்குவது என்று முடிவு செய்து, மேட்டில் ஏற்றிப் பார்ப்பது.

மார்ச் 9, ஞாயிறு

"கியர் பாக்ஸுக்கு உள்ளேயும் வெளியேயும் ஒன்றுதான்" என்று ஒரு தடவை சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டேன். இரண்டாவது தடவையும் சொல்லியிருக்க வேண்டும்.

காலையில் சமையலறை மேஜையில் அட்டவணையை விரித்தான். விரலால் ஒவ்வொரு வரியாக இறங்கினான்.

"தண்ணி டேங்க், அது இல்லாம முடியாது. பேட்டரி, முடியாது. சமையல் மேடை..." அண்ணியைப் பார்த்தான். விரல் தாண்டியது. "பைக் வெளிய தொங்குது. அது உள் கணக்குல வராது."

"கியர் பாக்ஸுக்கு உள்ளேயும் வெளியேயும் ஒண்ணுதான்ணா."

"தெரியும்டி, படிச்சவளே." விரல் கடைசி வரிகளுக்கு வந்தது. அங்கேயே நின்றது. விரலை எடுக்காமல் அண்ணியிடம், "நீ சொல்லு" என்றான்.

அண்ணி டம்ளரை ஒரு சுற்றுச் சுற்றினார். "நீ வேணும்னா பஸ்ல வாயேம்மா. மலையில வண்டியில குலுங்கிக்கிட்டு வர்றதுக்கு பஸ்ஸே தேவலாம். நாங்க போய் ஒரு வீடு பாத்ததும் சொல்றோம்."

"எப்ப அண்ணி?"

"பாத்ததும்."

"அதுவரைக்கும்?"

"இங்கயே பெண்கள் ஹாஸ்டல்ல ஒரு கட்டில் காலியா இருக்காம். விசாரிச்சு வச்சிருக்கேன்."

எப்போது விசாரித்தார் என்று கேட்க வாயெடுத்தேன். சென்சாரை மாற்றிய பிறகா, அதற்கு முன்பா? கேட்கவில்லை. அளந்துவிட்டால் அப்புறம் அந்த எண்ணோடு இருக்க வேண்டும்.

"முதல்ல ஏத்திப் பாப்போம்" என்றான் அண்ணன். "சூடு குறையலைன்னா வேற யோசிப்போம்." அதை அவன் ஒரு நம்பிக்கை கொடுப்பது போலச் சொன்னான். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

மேட்டின் அடியில், ஒரு மரத்து நிழலில், என் படுக்கைப் பலகை, மெத்தை, கருவிப் பெட்டி, துணி மூட்டை எல்லாவற்றையும் இறக்கினோம். படுக்கையின் இரும்புச் சட்டம் மட்டும் தரையோடு போல்ட் போட்டிருப்பதால் உள்ளேயே இருந்தது. பிறகு நானும் இறங்கினேன். மீட்டரைப் பார்க்கும் வேலையை அண்ணியிடம் கொடுத்தேன். எந்த இடத்தில் எவ்வளவு என்று சத்தமாகச் சொல்லச் சொன்னேன். கியரை இரண்டில் பிடிக்க அண்ணனுக்கு நினைவுபடுத்தினேன். வேன் கிளம்பியது. பின்னால் பைக் ஆடிக்கொண்டே போனது. தட்டை டயர் என் பக்கம் பார்த்துச் சுற்றியது.

மெத்தையை மடித்து அதன்மேல் உட்கார்ந்திருந்தேன். ஒரு லாரி வேகம் குறைத்தது. டிரைவர் தலையை நீட்டினார்.

"என்ன தங்கச்சி, வீடு காலி பண்றீங்களா?"

"இல்லண்ணே. வண்டியை டெஸ்ட் பண்றோம்."

அவர் மெத்தையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மேட்டைப் பார்த்தார். "நல்ல டெஸ்ட்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சூடு குறையக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். உடனே அது எவ்வளவு கேவலம் என்று புரிந்தது. குறையாவிட்டால் கணவாயில் வேகப்போவது அவர்கள்தான். அதற்குப் பிறகு எதையும் வேண்டிக்கொள்ளவில்லை. கையில் இருந்த டேப்பை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்தபோது அண்ணன் வண்டி நிற்பதற்குள் கதவைத் திறந்துவிட்டான். முகமெல்லாம் பல்.

"நூத்திமூணு! உச்சி வரைக்கும் நூத்திமூணைத் தாண்டவே இல்ல! இஞ்ச் டேப், உன் கணக்கு அச்சுப் பிசகலடி!"

உள்ளங்கையை உயர்த்தினான். நான் நினைப்பதற்குள் என் கை போய் அதில் தட்டிவிட்டது. அந்தச் சத்தத்தில் எனக்கும் ஒரு கணம் சந்தோஷம் வந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கணக்கு சரியாக இருந்ததற்கு வந்த சந்தோஷம்.

அண்ணி இறங்கி மெத்தையின் பக்கத்தில் நின்றார். "ஏங்க, இதை மறுபடி ஏத்தணுமா?"

"வீடு வரைக்கும் சமதரைதானே, ஏத்திக்கலாம்" என்றான் அண்ணன் பெரிய மனதோடு. அவனே மெத்தையின் ஒரு முனையைப் பிடித்தான். ஏற்றும்போது தாழ்ந்த குரலில், "பைக் எனக்கு எவ்ளோ முக்கியம்னு உனக்குத் தெரியும்ல" என்றான்.

"தெரியும்ணா."

"நீ புரிஞ்சுக்குவேன்னு தெரியும். எதையும் கணக்கா யோசிக்கிறவ நீ."

திரும்பும் வழியில் நடுவில் என்னை உட்கார வைத்தார்கள். மீட்டர் எண்பதில் ஆடாமல் நின்றது. போகும் குழாயின் எண்பது.

நாளைக்கு: பேட்டரிக் கடை திறந்ததும் போய், என் இடத்துக்கு வேறு ஆள் எடுத்துவிட்டார்களா என்று கேட்பது. மாலையில் பின் படுக்கையின் சட்டத்தைக் கழற்றுவது. பதினேழாம் நம்பர் ஸ்பேனர் போதும். போல்ட்களை எடுத்த பிறகு தரையில் ஓட்டை இருக்கும். அதை ரப்பர் பசையால் அடைத்துவிட வேண்டும். அடைக்காவிட்டால் மழையில் அடியிலிருந்து தண்ணீர் ஏறும்.