தம்பிமாரே

நேவென்கா அந்தப் பாட்டை எழுதியது வெலஸ் ஊரில், அவள் அம்மா வீட்டுச் சமையலறையில். குளிர்காலத்துக்காகச் சிவப்புக் குடைமிளகாய் சுட்டுக்கொண்டிருந்தார்கள். வீடு முழுக்கப் புகை. அவள் தம்பி திமே ஸ்வீடனுக்குப் போய்ச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. ஊர் தண்ணீர் நிலையத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவன். ஆளுங்கட்சி உறுப்பினர் அட்டை வாங்க மாட்டேன் என்று சொன்னான் என்பதற்காக அவனை வேலையிலிருந்து எடுத்துவிட்டு, த்ராய்ச்சே என்ற கட்சிக்காரனை அந்த இடத்தில் உட்கார வைத்தார்கள். திமே ஒரு மாதம் வீட்டிலேயே கிடந்தான். பிறகு பஸ் ஏறிவிட்டான்.

நான் நேவென்காவின் குழுவில் கீபோர்டு வாசிப்பவன், பெயர் கிரே. அன்று மிளகாய்த் தோல் உரிக்க உதவிக்குப் போயிருந்தேன். அம்மா ஞாபகமில்லாமல் திமேவுக்கும் சேர்த்துத் தட்டு வைத்துவிட்டாள். அந்தத் தட்டை எடுக்கப் போன நேவென்கா, எடுக்காமல் அதன் எதிரிலேயே உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் முணுமுணுக்கத் தொடங்கினாள். "கதவு சாத்தல தம்பி, சூப்பு ஆறுது தம்பி." அவ்வளவுதான் பல்லவி. சாயங்காலத்துக்குள் பாட்டு முடிந்துவிட்டது.

அதுவரை அவள் இருபது வருடமாகப் பாடிக்கொண்டிருந்தாள். கல்யாணங்களில், ஓஹ்ரித் ஏரிக்கரை ஓட்டல்களில், புத்தாண்டு விருந்துகளில். எங்கே பாடினாலும் எதிரில் இருப்பவர்கள் வாய் நிறைய மென்றுகொண்டே இருப்பார்கள். இரண்டு ஆல்பம் வந்து இரண்டுமே கவனிப்பாரில்லாமல் போயின. இந்தப் பாட்டை இலையுதிர்கால மெல்லிசை விழாவில் பாடியபோதுதான் ஒரு அரங்கமே அவளைப் பார்த்து அழுதது. எந்த வீட்டில்தான் ஒருவன் வெளிநாடு போகாமல் இருக்கிறான்? டொராண்டோவிலிருந்தும் மெல்போர்னிலிருந்தும் ஆட்கள் கூப்பிட்டார்கள். திமேயும் கூப்பிட்டான். "அக்கா, இங்க வேலை செய்யுற கிச்சன்ல எல்லாப் பயலும் என்னை 'சூப்பு ஆறுது'ன்னுதான் கூப்பிடுறான்" என்று சொல்லிச் சிரித்தான். அந்தச் சிரிப்பைக் கேட்டுவிட்டு அவள் நாள் முழுக்கப் பாடிக்கொண்டே திரிந்தாள்.

தேர்தல் வந்தது. அவள் கணவன் ஸ்பாசேதான் அவளுக்கு மேனேஜரும். ஒத்திகை நடந்துகொண்டிருக்கும்போது உள்ளே வந்தான்.

"ஸ்கோப்யே சதுக்கத்துல மேடை. முப்பது வயலின். ஒரே ஒரு பாட்டு போதுமாம்."

"யாரு கூட்டம்?"

"வெளிநாடு போனவங்களைத் திரும்பக் கூப்பிடுற திட்டமாம். அதைத் தொடங்கி வைக்கிறாங்க."

"கட்சிக் கூட்டம்னு சொல்லேன். மண்டை கழண்டுடுச்சா உனக்கு? அவங்கதானே விரட்டி விட்டாங்க!"

"நேவெ, அரசியலை அரசியல்வாதி பேசட்டும். நீ பாட்டுக்காரி, பாடிட்டு வா."

அவள் முடியாது என்றாள். அடுத்த வாரமே வானொலியில் அவள் குரல் நின்றது. ஒப்புக்கொண்டிருந்த நிகழ்ச்சிகள் ஒவ்வொன்றாக நழுவின. டிரம்ஸ் வாசிப்பவனின் மனைவி வேலையிலிருந்து நின்றுவிடும்படி கேட்டுக்கொள்ளப்பட்டாள். அவள் கைக்குழந்தையோடு வந்து நேவென்கா வீட்டில் அழுதாள். இதெல்லாம் நடந்தது உண்மை. அந்த முப்பது வயலினும் அவளுக்கு வேண்டியிருந்தது என்பதும் உண்மை. அவள் அதை மறைத்ததில்லை. கடைசியில் சரி என்றாள்.

கட்சியிலிருந்து நீல கோட்டு போட்ட ஒருவர் வந்தார். மிக மரியாதையானவர்.

"பாட்டு அருமை மேடம். சின்ன மாத்தம் மட்டும். 'தம்பி'ன்னா ஒருத்தன்தானே ஆகுது? 'தம்பிமாரே'ன்னு வெச்சுடுங்க. எல்லாரையும் கூப்பிட்ட மாதிரி இருக்கும்."

"தாளம் இடிக்கும் சார்" என்றேன் நான்.

"கொஞ்சம் வேகமாப் பாடினா இடிக்காது" என்றார் அவர்.

சதுக்கத்தில் தரை தெரியாத கூட்டம். நேவென்கா அன்று பாடியதுபோல் அதற்கு முன்பும் பாடியதில்லை, பின்பும் பாடவில்லை. மேடையை விட்டு இறங்கியபோது அவள் முகம் மின்னியது.

மறுநாள் காலை நாங்கள் புரெக் பலகாரக் கடையில் உட்கார்ந்திருந்தபோது திமே கூப்பிட்டான். கை முழுக்க எண்ணெய் என்பதால் போனை மேசையில் வைத்துத்தான் பேசினாள். நானும் கேட்டேன்.

"அக்கா, உன் பின்னாடி கொடி ஆட்டிக்கிட்டு நின்னது யாருன்னு பார்த்தியா?"

"விளக்கு கண்ணுல அடிச்சுதுடா. ஒண்ணும் தெரியல."

"த்ராய்ச்சே. என் நாற்காலியில உக்காந்தவனேதான். நல்லா ஆடினான். ஒரு வரி விடாம மனப்பாடமாத் தெரியுது அவனுக்கு."

"திமே, நான் சொல்றதைக் கேளு…"

"இங்க நம்ம ஊர்க்காரங்க கிளப்புல பெரிய டிவி இருக்கு. எல்லாரும் உன்னை விட்டுட்டு என்னைத்தான் பார்த்தாங்க. 'உங்க அக்கா நல்லாப் பாடுறாங்க'ன்னு சொன்னாங்க. ஆமான்னேன்."

வைத்துவிட்டான். அதன் பிறகு அவன் அம்மாவுக்கு மட்டும்தான் போன் செய்தான். நேவென்கா பக்கத்தில் இருந்தால் அம்மா வாசலுக்குப் போய்ப் பேசுவாள்.

கொஞ்ச வருடத்தில் அந்த அரசாங்கம் கவிழ்ந்தது. தெருவில் இறங்கிக் கத்தியவர்களுக்கு நேவென்காவின் முகம் ஞாபகம் இருந்தது. நீல கோட்டுக்காரர் புதியவர்களோடு சேர்ந்து பெரிய பதவிக்குப் போய்விட்டார். ஸ்பாசே விவாகரத்து வாங்கிக்கொண்டு இன்னொரு பாடகிக்கு மேனேஜரானான். டிவியில் கேட்டபோது, "நான் அப்பவே வேணாம்னு சொன்னேன், அவதான் மேடை மேடைன்னு அலைஞ்சா" என்றான். மெல்லிசை விழாக்காரர்கள் அவளுடைய புதுப் பாட்டுகளைத் திருப்பி அனுப்பினார்கள். "பாட்டுல ஒரு குறையும் இல்ல. வேற யாராவது பாடினா எடுத்துக்கலாம்" என்றார்கள். அவள் எழுதியதிலேயே நல்ல பாட்டுகள் அவை. எனக்கும் அவளுக்கும் மட்டும்தான் தெரியும்.

ஸ்வீடனில், மால்மோ நகரத்து எங்கள் ஊர்க்காரர்கள் கிளப்பில் ஆண்டு விழாவுக்குக் கூப்பிட்டபோது, சம்பளம் எதுவும் பேசாமல் ஒத்துக்கொண்டாள். விமானத்தில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

அரங்கத்தில் பாதிப்பேர் கைதட்டினார்கள், பாதிப்பேர் விசிலடித்து விரட்டப் பார்த்தார்கள். "எந்தக் கட்சிக்குடி இன்னிக்குப் பாடுற?" என்று ஒருவன் கத்தினான். அவள் எனக்குத் தலையசைத்துவிட்டு அந்தப் பாட்டை எடுத்தாள். முதலில் எழுதிய மாதிரியே, மெதுவாக, 'தம்பி' என்றே பாடினாள். அரங்கம் அடங்கியது. பின்வரிசையில் திமே நின்றுகொண்டிருந்தான். தலை நரைத்திருந்தது. பாட்டு முடியும்வரை நின்றான்.

முடிந்ததும் அவனே முன்னால் வந்தான். நாட்டுப்புற நடன உடை போட்ட ஒரு சிறுமியைக் கையில் பிடித்திருந்தான். நேவென்கா மேடையின் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். சிறுமி அவளைக் காட்டித் தன் அப்பாவிடம் ஸ்வீடிஷில் ஏதோ கேட்டாள். திமே எங்களுக்கும் புரியட்டும் என்று எங்கள் மொழியிலேயே பதில் சொன்னான்.

"இவங்க நம்ம ஊர்லருந்து வந்த பாட்டுக்காரங்கம்மா. கையெழுத்து வாங்கிக்கோ."

சிறுமி நிகழ்ச்சி நிரல் தாளை நீட்டினாள்.

"உன் பேரு என்னடா கண்ணு?" என்றாள் நேவென்கா.

"எல்சா."

"நல்லா ஆடினியா எல்சா?"

"நல்லா ஆடினேன். நீங்களும் நல்லாத்தான் பாடினீங்க. ஆனா மெதுவா இருந்துச்சு. எங்க நடன வகுப்புல வேகமாப் போடுவாங்க. தம்பிமாரே தம்பிமாரேன்னு வரும்."

நேவென்கா கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். "திமே" என்று கூப்பிட்டாள்.

"ரொம்ப நன்றிங்க" என்றான் அவன். "வழியில பனி கொட்டுது, வேன்காரரைப் பார்த்து ஓட்டச் சொல்லுங்க." கூடப் பிறந்த அக்காவிடம் அப்படி 'ங்க' போட்டுப் பேசிவிட்டுக் குழந்தைக்குக் கோட்டு மாட்டினான். அதன் பொத்தான்களைக் கீழேயிருந்து ஒவ்வொன்றாகப் போட்டான். அவசரமே படவில்லை. அப்புறம் இருவரும் போய்விட்டார்கள்.

அதன் பிறகு அவள் மேடை ஏறவில்லை. வெலஸில் அம்மாவோடு இருக்கிறாள். விளம்பரங்களுக்குப் பாட்டு எழுதிக் கொடுக்கிறாள். போன வருடம் ஒரு தொத்திறைச்சிக் கம்பெனிக்கு எழுதியது பெரிய வெற்றி. குரல் மட்டும் ஒரு சின்னப் பெண்ணுடையது. நேவென்காவின் குரல் ஜனங்களுக்குப் பழையதை ஞாபகப்படுத்தும் என்று கம்பெனியில் பயந்தார்கள். அந்தப் பெண்ணுக்கு எங்கே மூச்சு எடுக்க வேண்டும் என்று நேவென்காதான் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுத்தாள். இப்போது வெலஸில் எந்தக் குழந்தையைக் கேட்டாலும் தொத்திறைச்சிப் பாட்டைப் பாடிக் காட்டும்.