கிளிப்பை மாட்டினாளா?

1

இந்தக் கதையைக் கிருஷ்ணகிரி பஸ்ஸில் யாரோ சொன்னதாகத்தான் தொடங்க நினைத்தேன். அது பொய். ஓசூரில் ஒரு கெமிக்கல் கம்பெனியின் ஆய்வகத்துக்கு நான் பொறுப்பாளன். போன வாரம் அங்கே தீப்பிடித்தது. அறிக்கை எழுதச் சொன்னார்கள். மூன்று பக்கம் எழுதிப் படித்துப் பார்த்தேன், கதை மாதிரி இருந்தது. சரி, கதையாகவே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். என்னை நம்பிவிடாதீர்கள்.

2

'ஜெயப்ரியா அன்று அவசரத்தில் இருந்தாள். ஊருக்குப் போகும் பஸ்ஸைப் பிடிக்க...'

(நிறுத்திவிட்டேன். காலை பதினொரு மணிக்கு யாருக்கு என்ன பஸ்? அவசரத்தை அவள் தலையில் ஏற்றுவது நான்.)

மறுபடியும். ஜெயப்ரியா எங்கள் கெமிஸ்ட். குருபரப்பள்ளிப் பெண், இருபத்தாறு வயது. ஆயுத பூஜை விடுமுறை முடிந்த முதல் நாள், டிரம்மிலிருந்து கேனில் ஹெக்சேன் பிடித்தாள். குப்பென்று பற்றியது. அரை நிமிடத்தில் அணைத்துவிட்டார்கள். அதற்குள் அவளுடைய வலது கை வெந்துவிட்டது.

ஹெக்சேன் பெட்ரோல் மாதிரி எரியக்கூடியது. குழாயில் ஓடுகிற ஓட்டத்திலேயே அதில் மின்சாரம் சேரும். ஒரு சின்னப் பொறி போதும். அதனால் டிரம்மிலும் கேனிலும் ஒயர் மாட்டி, மறுமுனை கிளிப்பைச் சுவரோரம் ஓடும் செம்புப் பட்டையில் கவ்வ வைப்போம். பட்டை வழியாக மின்சாரம் மண்ணுக்குள் போய்விடும்.*

* 'கிளிப் மாட்டாமல் ஊற்றினால் வேலை போகும்' என்று சுவரில் எழுதி ஒட்டியவன் நான்தான்.

3

அறிக்கையில் இப்படி எழுதியிருக்கிறேன்: 'ஊழியர் கிளிப் மாட்டவில்லை.' நான் பார்த்தேனா? பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்ட கையோடு அவள் சொன்னாள்: "மாட்டுனேன் சார். ரெண்டையும் மாட்டி இழுத்துக்கூடப் பாத்தேன். ஏன் சார் நம்ப மாட்டேங்கறீங்க?"

இழுத்துப் பார்த்ததை எதற்குச் சேர்த்துச் சொல்கிறாள்? அங்கேதான் எனக்குச் சந்தேகம் வலுத்தது. பொய் சொல்கிறவர்கள்தான் அப்படிக் கூடுதலாக ஒன்றைச் சேர்ப்பார்கள். (கை வெந்தவர்களும் சேர்ப்பார்கள். இதை அறிக்கையில் எழுத இடமில்லை.)

4

எல்லப்பன் வருகிறார். டிரம் உருட்டும் காண்ட்ராக்ட் ஆள், கர்நாடக எல்லை தாண்டி அத்திப்பள்ளியிலிருந்து வருகிறவர். இவர் மேலும் எனக்குச் சந்தேகம் இருந்தது.

"எல்லப்பண்ணே, அன்னிக்கு கிளிப் எங்க இருந்துச்சு?"

"பட்டையிலதான் சார். தீ அணைச்சப்புறம் நான்தான் கழட்டுனேன்."

"எந்தப் பட்டை?"

"அதான் சார், பச்சையா இருக்குதே."

"செம்பு எப்படிப் பச்சையாச்சு?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "நீங்கதான சார் பூஜைக்கு ஒண்ணு விடாம பெயிண்ட் அடிக்கச் சொன்னீங்க? பட்டை கறுத்துப் போயிருந்துச்சு. அதுக்கும் ரெண்டு கோட்டு அடிச்சு, பொட்டு வெச்சேன்."

இந்தப் பக்கம் ஆயுத பூஜைக்குப் பெயிண்ட் அடிக்காத கம்பெனி கிடையாது. கிளிப் பெயிண்டைக் கவ்வியிருக்கிறது. செம்பைத் தொடவே இல்லை. ஜெயப்ரியா மாட்டித்தான் இருக்கிறாள்.

(எல்லப்பனை வில்லனாக்கி ஆறு வரி எழுதி அடித்துவிட்டேன். பட்டை எதற்கென்று அவரிடம் யாரும் சொன்னதில்லை. சொல்ல வேண்டியவன்...)

5

விடுமுறை முடிந்ததும் பட்டையை மீட்டர் வைத்துச் சோதிக்க வேண்டும். சோதித்ததாக அன்று காலை எட்டரைக்கு ஒரு கையெழுத்து இருக்கிறது. என்னுடையது. மீட்டர் என் மேசை மேல், பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு கலையாமல் இருந்தது.

வெட்கமாக இருக்கிறது. பயம் அதைவிட அதிகம்.

நாளை பத்து மணிக்கு விசாரணை. என் அறிக்கை போனால் அவள் வேலை போகும். இந்தக் கதை போனால் என் வேலை போகும். இரண்டும் மேசை மேல்தான் இருக்கின்றன.

எல்லப்பன் உப்புத்தாளோடு கதவருகே நிற்கிறார். பெயிண்ட்தான் காரணம் என்று தெரிந்ததும், செய்த தப்பைச் சரிசெய்ய வந்திருக்கிறார், பாவம். "பட்டைய தேச்சுரட்டுமா சார்?" என்று இரண்டு முறை கேட்டுவிட்டார். தேய்த்துவிட்டால் செம்பு பளிச்சென்று ஆகிவிடும். எல்லப்பனின் வாய்வார்த்தையைத் தவிர ஜெயப்ரியாவுக்கு இருக்கிற ஒரே சாட்சி போய்விடும்.

அடுத்த வரியை நான் எழுதப் போவதில்லை. அவருக்கு நீங்களே பதில் சொல்லுங்கள். சீக்கிரம் சொல்லுங்கள். பார்க்காமலே சரி சொல்லிப் பழகிய வாய் என்னுடையது.