இரண்டு வழியும் அவளுக்கே

ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட இரண்டு மருமகள்களில், இளையவள் தும்மினால்கூட மூத்தவளுக்குப் பொறுக்காது. மூத்தவள் கடைத்தெருவில் பெண்களுக்கு முடிவெட்டும் பார்லர் வைத்திருந்தாள்; நாள் முழுக்க நின்று நின்று கால் வீங்கும். இளையவள் டீச்சர். நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஊர் மரியாதையை வாங்கிக்கொள்கிறாள். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். மூத்தவளை அரித்தது வம்சப் பேச்சு.

அந்த ஊரில் மலை தாண்டி வந்தவர்களின் வழியும் உண்டு, கடலோரத்தில் குடியிருந்தவர்களின் வழியும் உண்டு. முதலில் வந்து காடு திருத்தியது மலைக்காரர்கள், கரைக்காரர்கள் பிற்பாடு வந்து ஒதுங்கியவர்கள் என்பது ஊர்ப்பேச்சு. மாமியார் மலைக்காரி, இளையவளும் மலைக்காரி. மூத்தவள் கரைக்காரி, காதலித்துக் கட்டிக்கொண்டு வந்தவள்.

"சின்னவ நடையப் பாரு, வம்சம் பேசுது" என்பாள் மாமியார். மூத்தவள் கையிலிருக்கும் பாத்திரம் ‘ணங்’கென்று தரையில் இறங்கும்.

யார் எப்போது எங்கிருந்து வந்து குடியேறினார்கள் என்பதை மரபணுவை வைத்தே கண்டுபிடிக்கப் போவதாக ஒரு ஆராய்ச்சிக் குழு வந்தது. எச்சில் கொடுத்தால் போதும். பள்ளிக்கூடத்தில் முதல் ஆளாகக் கொடுத்தவள் இளையவள். கேள்விப்பட்ட மூத்தவள், பாதி வெட்டிய தலையை உதவிக்காரியிடம் விட்டுவிட்டு ஓடினாள். "போதும்மா, கோடு வரைக்கும்தான்" என்று குழாயைப் பிடித்தவர் சொல்லியும், ஓரகத்தியைவிட ஒரு விரற்கடை கூடுதலாகத் துப்பிவிட்டுத்தான் எழுந்தாள்.

மழைக்காலம் முடிந்ததும் குழுவின் தலைவியம்மா திரும்பி வந்து, முடிவைக் கேட்க விரும்பிய குடும்பங்களைத் தனித்தனியாக உட்காரவைத்துப் பேசினாள்.

"ஊர்ல சொல்றதுக்கு நேர்மாறா இருக்குங்க. இங்க முதல்ல இருந்தது கரைக்காரங்க. மலை தாண்டினவங்க ரொம்பப் பின்னாடிதான் வந்திருக்காங்க."

மூத்தவள் மாமியார் பக்கம் மெல்லத் திரும்பினாள். "கேட்டீங்களா அத்தை? ஒதுங்க வந்தது யாராம்?"

மாமியாருக்குத் திடீரென்று இருமல் வந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் அப்படியொரு குளிர்ச்சி மூத்தவள் நெஞ்சில் இறங்கியதில்லை. ஆனால் தலைவியம்மா இன்னும் முடிக்கவில்லை.

"அப்படி வந்தவங்கள்ல முக்கால்வாசி ஆம்பளைங்க. கல்யாணம் கட்டினது இங்க இருந்த பொண்ணுங்களை. அதனாலதான், டீச்சரம்மா, உங்க அப்பா கொடுத்த எச்சில்படி அவர் வழி மலை. அம்மாவுக்கு அம்மா, அவங்களுக்கு அம்மான்னு போனா, அப்படியே கரை. உங்க அக்காவுக்கு இருக்கற அதே அம்மா வழி."

"அய்யோ அக்கா!" இளையவள் தாவி வந்து கட்டிக்கொண்டாள். "நாம ஒரே கொடி அக்கா!"

மூத்தவள் அந்த அணைப்பிலிருந்து விலகிக்கொண்டாள். வாழ்நாளில் தனக்கென்று கிடைத்தது ஒன்றே ஒன்று. அதிலும் இவள் பங்குக்கு வந்துவிட்டாளே! மாமியாரின் இருமல் நின்றது.

"அப்ப நம்ம சின்னவளுக்கு ரெண்டு வம்சமும் இருக்கு!"

விஷயம் பத்திரிகைக்குப் போயிற்று. இரண்டு வழியும் சேர்ந்தவள் என்று இளையவளைத்தான் படம் எடுக்க வருகிறார்களாம். அன்று காலை அவள் பார்லருக்கே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"படத்துல நீங்களும் பக்கத்துல நிக்கணும்னு சொல்லிட்டேன் அக்கா. இல்லன்னா வேண்டாம்னுட்டேன். முன்முடிய மட்டும் கொஞ்சம் சரி பண்ணி விடுங்க."

ஏசவாவது ஒரு சாக்குக் கொடுத்திருக்கலாம் பாவி. மூத்தவள் சீப்பால் முடியை இழுத்துப் பிடித்தாள். புருவத்துக்குச் சற்று மேலே வெட்ட வேண்டும். கத்திரி தானாகவே இரண்டு விரற்கடை ஏறியது. முடி கொத்தாக மடியில் விழுந்தது.

இளையவள் கண்ணாடியைப் பார்த்தாள். தலையை இப்படியும் அப்படியும் திருப்பினாள்.

"இவ்வளவு குட்டையா நான் வச்சதே இல்லையே... நல்லாருக்குல்ல?"

நன்றாகத்தான் இருந்தது. பத்து வயது குறைந்தவள்போல இருந்தாள். மூத்தவள் அவளை வெறித்துப் பார்த்தாள். அடிவயிற்றிலிருந்து ஏதோ கிளம்பியது. அழுகை என்றுதான் நினைத்தாள், வந்தது சிரிப்பு. நிறுத்த முடியாமல், கத்திரியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"என்னக்கா?"

"உன்ன ஒண்ணும் பண்ண முடியாதுடி" என்றாள் மூத்தவள். பிறகு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். "எனக்கும் அதே மாதிரி வெட்டி விடு. பாத்து வெட்டு."