வாயசைப்பு

அவள் மேடையில் நின்று முதல்முறையாகத் தன் சொந்தக் குரலில் வணக்கம் சொன்னபோது கூட்டம் சிரித்தது. கெட்ட சிரிப்பு இல்லை, பிள்ளைகளே. ஏதோ வேடிக்கை காட்டுகிறாள், கொஞ்ச நேரத்தில் நிஜக் குரலுக்கு வந்துவிடுவாள் என்று நினைத்துச் சிரித்த சிரிப்பு. அவளும் முதலில் சேர்ந்து சிரித்தாள். அவர்கள் எதற்கோ காத்திருக்கிறார்கள் என்பது பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

அவர்கள் காத்திருந்தது அவள் தங்கையின் குரலுக்கு.

அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நடுவில் கேள்வி கேட்பீர்கள். சினிமாவுக்குப் போன புதிதில் அவளுக்குக் கண் இருந்தது, மூக்கு இருந்தது, வெளிச்சம் தானாக வந்து ஒட்டிக்கொள்கிற கன்னம் இருந்தது. குரல் மட்டும் தடித்த குரல். சின்ன வயதில் அவள் ஒரு வார்த்தை பேசினால் பக்கத்து வீட்டுத் தொட்டில் பிள்ளை விழித்துக்கொள்ளும். வீட்டில் அவளுக்கு வெண்கலம் என்றே பெயர். அப்பா செல்லமாக வைத்தது. மற்றவர்கள் அதைக் கேலியாக வைத்துக்கொண்டார்கள். முதல் படத்தின் டைரக்டர் அவள் வசனம் பேசியதைக் கேட்டுவிட்டு நெற்றியைத் தடவிக்கொண்டார். முகம் பூக்கடை, குரல் மரக்கடை என்று அவர் யாரிடமோ முணுமுணுத்ததும் அவள் காதில் விழுந்தது. அந்த நேரம் பார்த்து மூலையில் பையோடு உட்கார்ந்திருந்த தங்கை, பொடிசு என்று கூப்பிடுவார்கள், தண்ணீர் வேண்டுமா அக்கா என்று கேட்டாள். டைரக்டர் திரும்பிப் பார்த்தார். அவ்வளவுதான். அன்றிலிருந்து முகம் அக்காவுடையது, குரல் தங்கையுடையது.

படப்பிடிப்பு முடிந்ததும் டப்பிங் அறையில் பொடிசு காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு நிற்பாள். எதிரே திரையில் அக்காவின் உதடு பெரிதாக அசையும். அந்த உதட்டுக்குள் வார்த்தையை ஊசியில் நூல் கோர்க்கிற மாதிரி கோர்ப்பாள். அக்கா எங்கே எச்சில் விழுங்குவாள், எந்தச் சொல்லுக்கு முன்னால் மேலுதடு துடிக்கும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. பாட்டுக்கும் பொடிசின் குரலோடு ஒட்டிப்போகிற மெல்லிய குரல்களாகவே தேடிப் பிடித்தார்கள். வேறு எந்த நடிகைக்கும் பொடிசு பேசக்கூடாது என்று ஏற்பாடு. பேசினால் குட்டு உடைந்துவிடும்.

விழாவுக்குப் போனால் அக்கா கைகூப்பிச் சிரிப்பதோடு சரி. பேட்டி என்று வந்தால் அவளுக்குத் தொண்டை சரியில்லை என்று மாமா சொல்லிவிடுவார். அம்மாவின் தம்பி. அவள் படப்பிடிப்புத் தேதிகளை அவர்தான் பார்த்துக்கொண்டார். இந்தப் பூமியிலேயே அதிக நாள் தொண்டை கட்டிக்கிடந்த பொம்பளை எங்கள் வெண்கலம்தான் என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

இப்படிப் பேசாமலே பேர் வாங்கினாள். ஆனால் மேக்கப் அறையில் தனியாக இருக்கும்போது அவளுக்கு மெட்டு வரும். கண்ணை மூடிக்கொண்டு அடித்தொண்டையில் இழுப்பாள். மை தீட்டுகிற பெண் தூரிகையை அந்தரத்தில் பிடித்தபடி நின்றுவிடுவாள். யாரும் எழுதித் தராத பாட்டுகள், யாரும் சொல்லித் தராத மெட்டுகள். அப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்துபோயின.

கதாநாயகிக்கு அம்மாவாக நடிக்கக் கேட்டு ஆள் வந்த வாரம், அவள் சினிமா போதும் என்றாள். மாமா அதிர்ந்துபோனார். அம்மா வேஷத்தில் இன்னும் பல காலம் ஓட்டலாமே, அதிலும் அழுகிற அம்மாவுக்கு எப்போதும் கிராக்கி உண்டே என்று எடுத்துச் சொன்னார். அவள் சொன்ன பதிலை அவர் பின்னால் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறார்.

"நான் செத்தா அழ வர்றவங்க எல்லாம் பொடிசு குரலை நெனச்சுத்தான் மாமா அழுவாங்க. இது என் குரல்னு தெரிஞ்சு கேட்டவங்க நாலு பேராவது வேணும் எனக்கு."

"அதுக்கென்ன, நான் இருக்கேன், பொடிசு இருக்கா. இன்னும் ரெண்டு பேர்தானே குறையுது," என்றார் மாமா.

அக்கா படத்தை விட்டால் தனக்கும் வேலை போச்சு என்பது பொடிசுக்குத் தெரியும். அதை யாரும் பேச்சில் எடுக்கவில்லை. அவளும் எடுக்கவில்லை. வழக்கம்போலப் பையை எடுத்துக்கொண்டு கூடப் போனாள்.

தையல் கடைக்கு மேல்மாடியில் ஒரு அறையை வாடகைக்குப் பிடித்தார்கள். சுவரெல்லாம் பழைய மெத்தையை அறுத்து ஒட்டி, ஜன்னலைப் பலகையால் அடைத்தார்கள். கீபோர்டுக்கு ஒருவர், டிரம்ஸுக்கு ஒருவர், கழுத்திலேயே ஹெட்போனோடு பிறந்தவர் மாதிரி ஒரு சவுண்டுக்காரர். கீழே தையல் மெஷின் ஓடி ஓய்கிற இடைவேளை பார்த்துப் பதிவு செய்வார்கள். பல்லவியைத் திருப்பிச் சொல்கிற இடங்களில் துணைக்குரலாகப் பொடிசைப் பாடவைத்தார்கள். அக்காவின் பாட்டெல்லாம் அவளுக்குத் தானாகவே மனப்பாடம். முதல் பாட்டு முடிந்ததும் சவுண்டுக்காரர் வெகுநேரம் குமிழ் எதையும் தொடாமல் இருந்தார். இந்தக் குரலில் தான் சரிபண்ண ஒன்றும் இல்லை என்றார். அன்றைக்கு அக்கா மாடிப்படியில் இறங்கும்போது, படி இருக்கிறதா என்று பார்க்காமலே இறங்கினாள். அப்படி ஒரு சந்தோஷம்.

பிறகுதான் நான் முதலில் சொன்ன மேடை.

சிரிப்பு அடங்கி அவள் பாட ஆரம்பித்தபோது அரங்கம் உற்றுப் பார்த்தது. செவியைக் காட்டிலும் கண்தான் வேலை செய்தது. மறுநாள் எல்லார் கைப்பேசியிலும் அவள் பாடுகிற காட்சி ஓடியது. பார்த்தவர்கள் ஒரே குரலில் சொன்னார்கள்: இவள் பாடவில்லை. பின்னால் யாரையோ பாடவிட்டு வாயசைக்கிறாள்.

எப்படி அப்படிச் சொன்னார்கள் என்கிறீர்களா? படப்பிடிப்பில் பாட்டை ஒலிபெருக்கியில் போட்டுவிட்டு நடிக்கச் சொல்வார்கள். சத்தம் காதுக்கு வந்து சேர்ந்தபின் வாயைத் திறந்தால் திரையில் பிந்திவிடும். அதனால் ஒரு இமைப்பொழுது முந்தியே உதட்டைத் திறக்க அவள் பழகியிருந்தாள். மூச்சு வாங்கினால் மூக்கு விடைக்கும், அழகு கெடும்; அதனால் முகத்தைத் திருப்புகிற சாக்கில் திருட்டுத்தனமாக வாங்குவாள். கழுத்து நரம்பு தெரியக்கூடாது. வரி முடிந்தால் புன்னகை நிற்க வேண்டும். இத்தனை வருஷம் பொய்க்குப் பழகிய முகம், நிஜத்துக்கும் அதையே செய்தது. தொண்டைக்குள் உயிர் போகிறது. முகத்தில் வரி முடிந்து புன்னகை நிற்கிறது. எவன் நம்புவான்?

அவள் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து அசிங்கமாகப் பாடக் கற்றுக்கொள்ளப் பார்த்தாள். நரம்பு புடைக்க, நெற்றி சுருங்க, மூச்சை வாயால் இழுத்து. மாமா வாசலில் நின்று பார்த்துவிட்டு, பிரசவ வலி காட்சி மாதிரி இருக்கிறது என்றார். உண்மைதான். நடிப்பாகவே இருந்தது.

இரண்டாவது மேடையில் அவள் ஒரு காரியம் செய்தாள். பாதிப் பாட்டில் கையைக் காட்டி எல்லாவற்றையும் அணைக்கச் சொன்னாள். மைக் செத்தது, ஒலிபெருக்கிப் பெட்டிகள் செத்தன, கீபோர்டுக்காரர் கையைக் கட்டிக்கொண்டார். வெறும் தொண்டையில் மேடை விளிம்புக்கு வந்து பாடினாள். கடைசி வரிசைவரை போய்ச் சேருகிற குரல்தான் அது. அரங்கம் நம்பியது.

நம்பியபிறகு நடந்தது இன்னும் மோசம். கைதட்டல் ஒப்புக்கு வந்து நின்றது. அப்படியென்றால் இத்தனை நாள் எங்களோடு பேசியது யார் என்று ஒருவருக்கொருவர் கேட்டுக்கொண்டே எழுந்து போனார்கள். வெளியே வராந்தாவில் ஒருவர் தன் மனைவியிடம், வீட்டுக்கு வந்த மருமகள் முக்காட்டை எடுத்ததும் ஆளே வேறு என்றால் எப்படி இருக்கும், அப்படி இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு போனார்.

எல்லாரும் போனபின் ஒரு பெண் மட்டும் மேக்கப் அறைக் கதவைத் தட்டினாள். ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கிறவள். கை விரல்கள் சலவைச் சோடாவில் ஊறி வெளுத்திருந்தன. அவள் மகன் கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போனவன், திரும்பவில்லை. ஒரு படத்தில் அக்கா ஒரு வசனம் சொல்வாள். அதைக் கேட்டுக் கேட்டுத்தான் தினமும் தூங்குகிறாளாம். ஒரு தரம் நேரில் சொல்லுங்கள் போதும் என்று அக்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

அக்கா தொண்டையைச் சரிசெய்துகொண்டு, தன் குரலில், மனதார, அந்த வசனத்தைச் சொன்னாள்.

பிடித்திருந்த கை தளர்ந்தது. "பரவால்லம்மா, களைச்சுப் போயிருப்பீங்க," என்றாள் அந்தப் பெண்.

அவள் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல், அக்காவின் முதுகுக்குப் பின்னால் புடவை மடித்துக்கொண்டிருந்த பொடிசு அதே வசனத்தை மெதுவாகச் சொன்னாள்.

"கதவத் தாழ் போடல. மெதுவா வா."

அக்காவின் உதடு அசைந்தது.

யாரும் திட்டம் போடவில்லை. பொடிசு பேசினால் அசைவதற்கென்றே பழகிய உதடு; தானாக, ஒரு இமைப்பொழுது முந்தி, அசைந்துவிட்டது. அந்தப் பெண் கண்ணால் உதட்டைப் பார்த்தாள், காதால் குரலைக் கேட்டாள், இதுதான் இதுதான் என்று அக்காவின் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதாள். கார் சாவியோடு கதவருகில் நின்றிருந்த மாமா அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாவி அவர் விரலில் சுற்றிக்கொண்டே இருந்தது.

அதற்கப்புறம் எந்த அரங்கமும் கிடைக்கவில்லை. பழைய குரல் என்றால் சொல்லுங்கள் என்றார்கள். மாமா ஒரு நாள் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த இருவரிடமும் வந்து பேச்செடுத்தார். பாட்டு உன்னுது, மெட்டு உன்னுது, மேடை உன்னுது, குரல் ஒன்றுதானே வேறு என்று அக்காவிடம் சொன்னார். பொடிசு திரைக்குப் பின்னால் நின்றால் யாருக்குத் தெரியப்போகிறது, போன தடவை தொண்டை கட்டியிருந்தது என்று சொல்லிவிட்டால் போயிற்று.

பொடிசு மாட்டேன் என்றாள். நிஜமாகவே மறுத்தாள், பிள்ளைகளே. அதை அவள் கணக்கில் எழுதி வையுங்கள். அக்காதான் ஈரப் புடவையை உதறியபடி, திரும்பிப் பார்க்காமல், "ஏன், உனக்கு வேற என்ன வேலை இருக்கு?" என்றாள்.

பொடிசு கையிலிருந்த துணியை வாளியிலேயே போட்டாள்.

"உன் குரல் வேணும்னு நீ அழுத. எனக்கு என் குரல் வேணுமான்னு ஒரு நாள் கேட்டியாக்கா? நான் வாயைத் தொறந்தா கடைக்காரன்கூட, உங்க குரல் அந்த நடிகை மாதிரியே இருக்கேங்கறான். நான் அவங்க மாதிரியாம்."

அக்கா கிளிப்பை எடுத்துக் கொடியில் மாட்டினாள். அதையே மாமா சம்மதமாக எடுத்துக்கொண்டார்; பொடிசும் வழக்கம்போலப் பையை எடுத்துக்கொண்டு கூடப் போனாள்.

மூன்றாவது மேடை நிரம்பி வழிந்தது. கறுப்புத் திரைக்குப் பின்னால் ஒரு முக்காலி, ஒரு மைக், பொடிசு. முன்னால் விளக்கு வெளிச்சத்தில் அக்கா. சவுண்டுக்காரர் யார் முகத்தையும் பார்க்காமல் வேலை செய்தார். அக்காவின் மைக்கை மட்டும் அவர் அணைக்கவில்லை. ஏன் என்று யாரிடமும் சொல்லவில்லை. அக்கா வணக்கம் என்று உதட்டை அசைத்தாள், பொடிசின் வணக்கம் போய்ச் சேர்ந்தது. கூட்டம் எழுந்து நின்று தட்டியது. நடுவரிசையில் சோடாவில் வெளுத்த இரண்டு கைகளும் தட்டின. பாட்டு முழுக்கக் கொண்டாடினார்கள். கழுத்து நரம்பு தெரியவில்லை, மூச்சு வாங்கவில்லை என்று யாரும் குறை சொல்லவில்லை. என்ன உயிரோடு பாடுகிறாள் என்றார்கள்.

கடைசிச் சரணத்துக்கு முன்னால் பொடிசு நிறுத்தினாள்.

இருமல் இல்லை, தொண்டை அடைக்கவில்லை. வேண்டுமென்றே மைக்கை விட்டு முகத்தை எடுத்துக்கொண்டாள். கீபோர்டு போய்க்கொண்டிருந்தது. அக்காவின் மைக் உயிரோடு இருந்தது. கூட்டம் அவள் வசத்தில் இருந்தது. அந்த நேரத்தில் எந்தக் குரல் வந்திருந்தாலும் அவர்கள் ஏற்றுக்கொண்டிருப்பார்கள்.

அக்காவின் வாய் திறந்தது. வரிக்கு வரி சரியாக, ஒரு இமைப்பொழுது முந்தி, திறந்தது, மூடியது. வரி முடிந்து புன்னகையும் நின்றது. சத்தம் இல்லை.

முதலில் யாரோ மைக் போச்சு என்றார்கள். பிறகு நாலாபக்கமும் சவுண்டுக்காரரைத் திட்ட ஆரம்பித்தார்கள். அவர் எழுந்து நின்று, அக்காவின் மைக்குக்கான பச்சை விளக்கு எரிவதைப் பார்த்தார். அவள் உதடு மட்டும் அசைந்துகொண்டே இருந்தது. திரையின் பிளவு வழியாகப் பொடிசுக்கு அக்காவின் முதுகுதான் தெரிந்தது. மூச்சு இழுத்தால் தோள்பட்டை ஏறும். ஏறவில்லை. கொஞ்சம் பார்த்துவிட்டு, பொடிசு மைக்கிடம் திரும்பி, விட்ட இடத்திலிருந்து பாடினாள். கூட்டம் பெருமூச்சு விட்டுத் தட்டியது.

காரில் பின் இருக்கையில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் பை. வெகுதூரம் போனபிறகு அக்கா கேட்டாள், ஏன் நிறுத்தினாய் என்று.

"நீ பாடுவேன்னு பார்த்தேன்க்கா."

"நானும் நீ பாடுவேன்னுதான் பார்த்துக்கிட்டு இருந்தேன்."

மாமா முன்னாலிருந்து, அடுத்த மேடைக்கு இப்போதே கேட்டுவிட்டார்கள், சரி என்று சொல்லட்டுமா என்றார். "சொல்லுங்க மாமா," என்று பொடிசு சொன்னாள். மாமா கண்ணாடியில் பின்னால் பார்த்தார். அக்காவின் உதடும் கூடவே அசைந்து நின்றது.