முன்கூட்டியே நடந்த ஞாயிறு

குடியிருப்போர் நலச்சங்கத்தின் மாத மடலுக்கு நாலு பக்கம். அதை எழுதி, பிழை பார்த்து, மடித்து, வீடு வீடாகப் போடுகிறவர் ஒரே ஆள். அதனால் தெருவில் அவருக்கும் நாலுபக்கம் என்றே பெயர். முதலில் கேலியாக வைத்ததுதான். அவர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டதில் வைத்தவர்களுக்குச் சுவாரசியம் போய்விட்டது.

பகலில் அவர் போக்குவரத்துக் கழகத்தில், பயணிகள் விட்டுச்செல்லும் பொருள்களைப் பதிவு செய்கிற குமாஸ்தா. அங்கே உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும். குடை ஒன்று, கறுப்பு, கம்பி வளைந்தது. அவ்வளவுதான். ஒரு வார்த்தை கூடுதலாகப் போட முடியாது. இருபத்தேழு வருடம் அப்படி அடக்கி வைத்ததையெல்லாம் மடலில் அவிழ்த்துவிட்டார்.

மடல் அச்சாவது வியாழக்கிழமை. அச்சகத்துக்காரர் சங்கத்துக்கு இயந்திரத்தை ஒதுக்கித் தருவது அன்று மட்டும்தான். மற்ற நாளெல்லாம் அதில் பில் புத்தகம் ஓடும். சங்கத்தின் நிகழ்ச்சிகளோ ஞாயிற்றுக்கிழமை. இந்தச் சிக்கலை நாலுபக்கம் ஆறு வருடத்துக்கு முன்பே தீர்த்துவிட்டார். புதன்கிழமை மாலை சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, ஞாயிறு நடக்கப்போவதை நடந்துவிட்டதாகவே எழுதிவிடுவார். திங்கட்கிழமை மடல் வீடுகளுக்குப் போகும்போது எல்லாம் சரியாக இருக்கும். பூங்காவைச் சுத்தம் செய்தால் அது பளபளக்கும். ரத்த தானம் என்றால் கூட்டம் அலைமோதும். ஒரே ஒருமுறை 'கொட்டும் மழையையும் பொருட்படுத்தாமல்' என்று எழுதிவைக்க, அன்றைக்கு வெயில் மண்டையைப் பிளந்தது. ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை. தம் மடலை யாரும் படிப்பதில்லை என்று அன்றுதான் அவருக்கு உறுதியானது. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் அதிலும் ஒரு சௌகரியம் இருப்பதைக் கண்டுகொண்டார்.

இந்த மாதச் செய்தி பெரியது. சங்கத்தின் படிப்பகத்துக்கு வாசலில் மூன்று படிகள். எதிரே கடிகாரம் பழுது பார்க்கும் கடை. கடிகாரக்காரர் தினமும் மாலை ஆறு மணிக்குக் கடையைப் பூட்டிவிட்டுத் தெருவைக் கடந்து, படியேறி, ஜன்னலோர மேசையில் பேப்பர் படிப்பார். நாலு வருடத்துக்கு முன் ஒரு விபத்தில் கால்கள் போயின. அதிலிருந்து சக்கர நாற்காலி. தெருவைக் கடப்பார், மூன்று படி ஏற முடியாது. நாலு வருடமாகக் கடை வாசலில் இருந்தே படிப்பகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சங்கத்துக்கு இது போன மாதம்தான் கண்ணில் பட்டது. தொண்டர்கள் கூடி ஞாயிறு காலை எட்டு மணிக்குப் பலகைச் சரிவு அமைப்பது, ஒன்பதுக்குத் திறப்பது என்று முடிவாயிற்று.

புதன்கிழமை நாலுபக்கம் வெட்டி முறித்துவிட்டார். நாற்பது தொண்டர்கள் வியர்வை சிந்தினார்கள். தலைவர் ரிப்பன் வெட்டினார். முதல் ஆளாக மேலே சென்ற கடிகாரக்காரர் கண்கலங்கி, 'இது வெறும் பலகை அல்ல, உங்கள் இதயங்களைக் கோத்துச் செய்த பாலம்' என்றார்.

மனைவி மருந்துக்கடையில் வேலை பார்ப்பவர். டாக்டர்களின் கையெழுத்தையே படிப்பவருக்குக் கணவரின் கிறுக்கல் ஒரு பொருட்டில்லை. வெங்காயம் உரித்துக்கொண்டே படித்தார்.

"ஏங்க, அவரு இப்படியெல்லாம் பேசுவாரா?"

"உணர்ச்சி வந்தா யாரும் பேசுவாங்க."

"அவரு வாய்லேர்ந்து நான் கேட்டதெல்லாம் பேட்டரி இருக்கு, பேட்டரி இல்ல, ரெண்டுதான்."

"நாற்பது பேர் கைதட்டும்போது தானா வரும், பாரு."

இதுவரை வழக்கம்போலத்தான். வழக்கத்தை மீறிச் செய்தது ஒரே ஒரு காரியம். வெள்ளிக்கிழமை மடல் கைக்கு வந்ததும் கை அரித்தது. அந்த இதயப் பாலம் அவ்வளவு அழகாக அச்சாகியிருந்தது. திங்கள்வரை பொறுக்காமல், சனிக்கிழமை மாலையே பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நூற்றுப் பன்னிரண்டு வீடுகளுக்கும் போட்டுவிட்டு வந்தார். திறப்பு விழாவில் எல்லார் கையிலும் மடல் இருக்கும் என்று கற்பனை செய்தபடி தூங்கினார்.

ஞாயிறு காலை எட்டு மணிக்குப் படிப்பகத்தின் முன்னால் மூன்று பேர் இருந்தார்கள். அவர், மனைவி, தச்சர். எட்டேகாலுக்கும் மூன்று பேர்தான். நாலுபக்கம் தொண்டர் பட்டியலின் முதல் பெயரான இன்சூரன்ஸ்காரருக்குப் போன் போட்டார்.

"வாழ்த்துக்கள் சார்," என்றார் இன்சூரன்ஸ்காரர். "மடல் பாத்தேன். பிரமாதமா நடந்திருக்கு. தேதியை முன்னாடி தள்ளிட்டீங்க போல, எனக்குத் தகவல் வரல. வந்திருந்தா நானும் ஒரு கை குடுத்திருப்பேன். தப்பா நினைச்சுக்காதீங்க."

அது நடக்கவே இல்லை, நான்தான் அளந்துவிட்டேன் என்று சொல்ல ஒரு நொடி போதும். நாலுபக்கம் அதைச் சொல்லவில்லை. "பரவாயில்ல சார்," என்று பெருந்தன்மையாக மன்னித்துவிட்டு வைத்தார். அடுத்தவரும் மன்னிப்புக் கேட்டார். அதற்கடுத்த டியூஷன் வாத்தியார் கேட்கவில்லை. "நானும் இருந்தேனே சார், பின்னாடி நின்னேன். நீங்க கவனிக்கல," என்றார். தலைவருக்கு உண்மை தெரியும். ஆனால் அவரும் வெளியூரில் மாப்பிள்ளை வீட்டில் இருந்தார். "நான் ரிப்பன் வெட்டிட்டேன்னுதான் போட்டுட்டீங்களே. இனிமே எதுக்கு வீணா அலையணும்? சாயங்காலம் வந்துடுவேன்."

ஆறு வருடமாக ஒருவரும் படிக்கவில்லை என்று புழுங்கியவருக்கு அன்று காலை தெரிந்தது, எல்லாரும் வரி விடாமல் படிக்கிறார்கள். சந்தோஷப்பட வேண்டிய விஷயம். போனைப் பைக்குள் போட்டார்.

"நீ மட்டும் எப்படிப்பா வந்தே?" என்று தச்சரைக் கேட்டார்.

"நான் அதெல்லாம் படிக்கறதில்லீங்க."

ஒன்பது மணிக்கு எதிர்க்கடைக் கதவு திறந்தது. கடிகாரக்காரர் வந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. புதிதாகச் சவரம் செய்த முகம். மடியில் மடல். படிகளுக்கு முன்னால் நாற்காலியை நிறுத்தி, மூன்று பேரையும், கீழே கிடந்த பலகைகளையும், கட்டப்படாத ரிப்பனையும் நிதானமாகப் பார்த்தார்.

"நிமிஷத்துக்கு நாலு செகண்டு முன்னாடி ஓடறதெல்லாம் என்கிட்ட ரிப்பேருக்கு வரும்," என்றார். "ஒரு ஞாயிற்றுக்கிழமையே முன்னாடி ஓடி இப்பதான் பாக்கறேன்."

நாலுபக்கத்தின் முகத்தில் அசடு வழிந்தது.

"இதுல நான் கண்கலங்கினேன்னு போட்டிருக்கு. எங்க வெச்சு? கீழயா, மேல போயா?"

"அது... பொதுவா எழுதறதுங்க."

"இல்ல, சொல்லிட்டா அந்த இடத்துல நிறுத்திக்கறேன். பேச வேண்டியதையும் நேத்து ரெண்டு தடவ படிச்சுப் பாத்தேன். பாலம்வரைக்கும் வருது. இதயத்தைக் கோக்கற இடத்துல மறந்துடுது."

அவர் சிரிக்கவில்லை. அந்தச் சட்டையைப் பார்க்கத்தான் நாலுபக்கத்துக்குத் தாங்கவில்லை. தெருவில் எல்லாரும் நம்பிவிட்டுத் தூங்குகிறார்கள். ஒன்றும் நடக்கவில்லை என்று கடை வாசலில் இருந்து கண்ணால் பார்த்தவர் மட்டும், ஒருவேளை நடந்துவிடும் என்று சட்டை தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். இன்று இவரைத் திருப்பி அனுப்பினால் இனி எந்த மாதமும் இந்தப் பலகை ஏறாது. ஏனென்றால் சங்கத்தைப் பொறுத்தவரை அது முடிந்துவிட்ட வேலை. அச்சிலேயே வந்துவிட்டது.

"ஆரம்பிக்கலாம்பா," என்றார் தச்சரிடம்.

தச்சர் முதல் பலகையைப் படிமேல் சாய்த்துவைத்தார். ஐந்தடிப் பலகை. கடிகாரக்காரர் தலையைச் சாய்த்து அதைப் பார்த்தார்.

"இதுல நான் ஏறினா, அப்படியே பின்னாடி உருண்டு என் கடைக்கே போய்ச் சேர்ந்துடுவேன்."

தச்சர் கையை விரித்தார். "அஞ்சடின்னுதான் கமிட்டில சொன்னாங்க. குறைஞ்சது பத்தடியாவது வேணும்னு எனக்குத் தெரியும். என்னை யாரு கேட்டாங்க?"

கமிட்டி ஐந்து முறை கூடியிருந்தது. இரண்டு கூட்டம் கல்வெட்டில் யார் பெயர் வருவது என்று. ஒன்று ரிப்பன் நிறம். மற்ற இரண்டும் முந்தைய கூட்டங்களில் யார் யாரைப் பேசவிடவில்லை என்று. நாலுபக்கம் ஐந்துக்கும் போய், ஐந்தையும் 'ஆக்கபூர்வமான ஆலோசனை' என்று எழுதியவர். தெருவுக்கு எதிர்ப்புறம் உட்கார்ந்திருந்த மனிதரிடம் போய் உங்களுக்கு எப்படி வேண்டும் என்று கேட்கலாம் என்பது ஒரு கூட்டத்திலும் ஆலோசிக்கப்படவில்லை.

"ஞாயித்துக்கிழமை மரக்கடை கிடையாது," என்றார் தச்சர்.

மனைவிதான் படிப்பகத்தின் பக்கச் சுவரைக் கையால் காட்டினார். அங்கே பிளாஸ்டிக் உறை போர்த்திச் சாய்ந்திருந்தது சங்கத்தின் பெயர்ப்பலகை. பத்தடி உயரம், மூன்றடி அகலம். தெருமுனையில் நிறுத்துவதற்காக இரண்டு வருடத்துக்கு முன் இதே தச்சர் எழுத்துகளைச் செதுக்கிச் செய்தது. அனுமதி வராமல் கிடந்தது. தலைப்பில் சங்கத்தின் பெயர், அடுத்துப் பெரிய எழுத்தில் தலைவர், பிறகு செயலாளர், துணைகள், இணைகள் என்று வரிசையாக இறங்கி, கடைசியில், தரையை ஒட்டி, செய்திப் பிரிவு என்று நாலுபக்கத்தின் பெயர். அந்தக் கடைசி வரிக்காக அவர் இரண்டு மாதம் மல்லுக்கட்டியிருந்தார்.

"நல்ல மரம்ங்க. யானை ஏறினாலும் தாங்கும்," என்றார் தச்சர்.

தலைவருக்குத் தெரிந்தால் தோலை உரித்துவிடுவார். மனைவி உறையை அவிழ்க்க ஆரம்பித்தார்.

தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஐந்தடிப் பலகைகள் அடியில் முட்டாகவும் ஓரத்தில் தடுப்பாகவும் ஆயின. நாலுபக்கம் ஒரு ஆணி அடித்தார். அடி விழுந்தது அவர் கட்டைவிரலில். அதன்பிறகு அவரை ஓரமாக நின்று ஆணி எடுத்துக்கொடுக்கச் சொன்னார்கள். கடிகாரக்காரர் சட்டைப் பையிலிருந்து சின்னத் திருப்புளியை எடுத்து, தம் நாற்காலியிலிருந்தே எட்டும் திருகுகளையெல்லாம் முடுக்கினார்.

"எழுத்து மேல வரட்டுமா, கீழ போகட்டுமா?" என்று கேட்டார் தச்சர்.

"வழுவழுன்னு இருக்கற பக்கம் எது?" என்றார் கடிகாரக்காரர்.

"பின்பக்கம்."

"அப்ப எழுத்து மேல இருக்கட்டும். பிடிப்பு வேணும்."

பதினொன்றரைக்கு அவர் ஏறினார். தள்ள வேண்டாம் என்று கையால் தடுத்துவிட்டார். சக்கரத்தைத் தானே இழுத்து, செய்திப் பிரிவின் மேல் ஏறி, இணைகள், துணைகளைக் கடந்து, தலைவரின் மேல் ஒரு நொடி நின்று மூச்சு வாங்கி, உள்ளே போனார். பேசவில்லை. கண் கலங்கவில்லை. நேரே ஜன்னலோர மேசைக்குப் போய், அன்றைய பேப்பரை எடுத்து உதறிப் பிரித்தார். நாலு வருடம் நடுவில் இல்லாததுபோல.

பத்து நிமிடம் கழித்துத் திரும்பி, வாசலில் நின்ற நாலுபக்கத்தைப் பார்த்தார். "கண்கலங்கின ஆள் பேர் தப்பா வந்திருக்கு. அடுத்த மடல்ல மாத்திப் போட்டுருங்க."

நாலுபக்கம் அவசரமாக முகத்தைத் துடைத்துக்கொண்டார். மனைவி வேறெங்கோ பார்த்தார்.

கிளம்பும்போது கடிகாரக்காரர் பலகையின் உச்சியில் நின்று கேட்டார். "நாளைக்கு ஆறு மணிக்கு இது இங்க இருக்குமா?"

அதுதான் கேள்வி. சாயங்காலம் தலைவர் வருவார். தம் பெயரின் மேல் சக்கரம் ஓடியதைப் பார்ப்பார். அரைமணி நேரத்தில் பலகை பழையபடி சுவரில் சாய்ந்துவிடும்.

"இருக்கும்," என்றார் நாலுபக்கம். சொன்ன பிறகுதான் எப்படி என்று யோசித்தார்.

இனி நடக்காத எதையும் எழுதுவதில்லை என்று காலை ஒன்பது மணிக்குத்தான் மனத்துக்குள் சத்தியம் செய்திருந்தார். அந்தச் சத்தியத்துக்கு ஆயுள் மூன்று மணி நேரம். படிப்பக மேசையிலேயே உட்கார்ந்து ஒரு தாளில் எழுதினார்:

'திருத்தம். நாற்பது தொண்டர்கள் என்று வந்தது தவறு. மூவர் என்று படிக்கவும். ரிப்பன் வெட்டப்படவில்லை. கண்கலங்கியவர் கடிகாரக்காரர் அல்ல, இதை எழுதுபவர். ஞாயிறுக்கு முன்பே ஞாயிறைப் பற்றி எழுதியவரும் அவரே. தலைவர் சங்கத்தின் பெயர்ப்பலகையைச் சரிவுப் பாதைக்கென்று நிரந்தரமாக வழங்கி, தம் பெயர் மக்கள் பயன்பாட்டில் தேய்வதையே பெருமையாகக் கருதுவதாகக் கூறினார்.'

"கடைசி வரி நடந்ததா?" என்றார் மனைவி.

"நடக்கும்."

ஜெராக்ஸ் கடையை மூடுவதற்குள் ஓடிப்போய் நூற்றுப் பன்னிரண்டு பிரதி எடுத்தார். இந்த முறை மனைவியும் ஒரு பக்கத் தெருவை எடுத்துக்கொண்டார்.

மாலை ஆறரைக்குத் தலைவரிடமிருந்து போன். தெருமுனையில் காரை விட்டு இறங்கி வீடு போய்ச் சேர்வதற்குள் நாலு பேர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டார்களாம். இன்சூரன்ஸ்காரர் வீட்டம்மா கும்பிட்டே விட்டாராம்.

"யோவ், நான் எப்பய்யா குடுத்தேன் அந்தப் பலகையை?"

"நாளைக்குக் குடுக்கறீங்க தலைவரே. வழக்கம்போலக் கொஞ்சம் முன்னாடி போட்டுட்டேன்."

நாலுபக்கம் கட்டைவிரலை ஊதிக்கொண்டே காத்திருந்தார்.

"என் பேரு மேல தெரியறாப்பலதானே இருக்கு?" என்றார் தலைவர்.

"உச்சில இருக்கீங்க."

"சரி சரி. கல்வெட்டுலயும் இதைச் சேத்துடுங்க."

திங்கட்கிழமை நாலுபக்கம் அலுவலகத்திலிருந்து நேராகப் படிப்பகத்துக்கு வந்து வாசல் ஓரமாக நின்றார். ஆறு மணி. எதிர்க்கடையில் பூட்டு விழுந்தது. கடிகாரக்காரர் தெருவைக் கடந்து வந்தார். நேற்றைய இஸ்திரிச் சட்டை இல்லை. எண்ணெய்க் கறை படிந்த சாதாரண வேலைச் சட்டை. அதைப் பார்த்ததும் நாலுபக்கத்துக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

பலகையின் அடியில் நாற்காலி நின்றது. கடிகாரக்காரர் குனிந்து பார்த்தார்.

"உங்க பேருதான் முதல்ல தேயும் போலிருக்கு. எல்லாச் சக்கரமும் இங்கதான் முட்டி ஏறணும்."

"எத்தனை நாளாகும்?"

"தினமும் வந்தா ஒரு வருஷம். ஒண்ணரை வருஷம்."

அவர் மேலே போய்விட்டார். பேப்பர் பிரியும் சத்தம் கேட்டது. நாலுபக்கம் கீழே குந்தி, தம் பெயரின் முதல் எழுத்தில் விழுந்திருந்த மெல்லிய கீறலை விரலால் தடவினார். அடுத்த மடலுக்கு இது ஒரு நல்ல செய்தி. முழுசாகத் தேய்ந்துவிட்டது என்று இப்போதே போட்டுவிடலாம், கை பரபரத்தது. இந்த ஒன்றை மட்டும் நடந்த பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று விட்டுவைத்தார்.